குறைந்த செலவில் உருவான தொலைக்காட்சி மீநாயகர்கள்

மனிதரால் இயலாத ஆற்றல்களைக் கொண்டு, தனக்கென ஓர் உடை அணிந்து, தீயவர்களை எதிர்த்து நிற்கும் கதைமாந்தர் மீநாயகன் எனப்படுகிறார். பேச்சு வழக்கில் சூப்பர் ஹீரோ என்கிறோம். இன்று இவ்வகைக் கதைகள் பெரும் பொருட்செலவில் திரையரங்குகளுக்காக எடுக்கப்படுகின்றன. ஆனால் 1970களில் தொடங்கி 2000களின் தொடக்கம் வரை, தொலைக்காட்சிக்கென்றே மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட மீநாயகர் படங்களும் தொடர்களும் உலகின் பல பகுதிகளில் வெளிவந்தன. இந்தியாவில் அவற்றுள் பெரும்புகழ் பெற்றது தூர்தர்ஷனில் ஒளிபரப்பான 'சக்திமான்' (1997-2005).

இப்படைப்புகளைப் பார்த்துச் சிரிப்பது இன்று எளிது. எனினும் பணம் குறைவாக இருந்ததால்தான் அவற்றின் நாயகர்கள் அப்படி உருவானார்கள். அவர்களின் தந்திரக் காட்சிகள் எவ்வாறு எடுக்கப்பட்டன என்பதைத் தெரிந்துகொள்வதற்கு வேறொரு தேவையும் உண்டு. அந்தக் காட்சிகளை உண்மையென நம்பிய சிறுவர்களின் பாதுகாப்பு அதில் அடங்கியிருந்தது.

தொலைக்காட்சித் திரைப்படம்

திரையரங்கில் வெளியிடாமல் நேரடியாகத் தொலைக்காட்சியில் ஒளிபரப்புவதற்காக எடுக்கப்படும் முழுநீளப் படம் தொலைக்காட்சித் திரைப்படம் ஆகும். அமெரிக்காவில் ஏபிசி நிறுவனம் 1969இல் வாரம் ஒரு படம் என்ற நிகழ்ச்சியைத் தொடங்கிய பின் இவ்வகைப் படங்கள் பெருகின. விளம்பரங்களையும் சேர்த்து ஒன்றரை மணி நேரத்திற்குள் முடியும்படி இவை எடுக்கப்பட்டன.

இவற்றுள் பல, வெள்ளோட்டப் படங்களாகவும் பயன்பட்டன. ஒரு கதையை முதலில் ஒரு படமாக ஒளிபரப்பிப் பார்ப்பார்கள். மக்கள் விரும்பிப் பார்த்தால் அது வாராந்தரத் தொடராகும். இல்லையேல் அந்த ஒரு படத்தோடு நின்றுவிடும். இதனால் தயாரிப்பாளர்கள் முதல் படத்தில் அதிகப் பணம் போடத் தயங்கினர். நாள்கணக்கில் படப்பிடிப்பை முடிக்கவேண்டும், புதிய அரங்குகள் குறைவாக இருக்கவேண்டும், தந்திரக் காட்சிகள் சிலவே இருக்கவேண்டும் என்பவை எழுதாத விதிகளாயின.

அமெரிக்க முன்னோடிகள்

1973இல் ஏபிசியில் ஒளிபரப்பான 'ஆறு மில்லியன் டாலர் மனிதன்' இவ்வகைக்கு ஒரு நல்ல தொடக்கம். விபத்தில் சிக்கிய விண்வெளி வீரருக்கு இயந்திரக் கை, கால், கண் பொருத்தப்படும் கதை அது. பின்னர் தொடரானபோது, நாயகன் மிக வேகமாக ஓடுவதைக் காட்ட ஒரு விந்தையான வழியைக் கையாண்டனர். வேகத்தை மெதுவோட்டக் காட்சியாகக் காட்டினர். கூடவே ஓர் இயந்திர ஒலியைச் சேர்த்தனர். பார்ப்பவர் மனம் அதை வேகம் என்றே ஏற்றுக்கொண்டது.

1974இல் கேத்தி லீ கிராஸ்பி நடித்த 'வொண்டர் வுமன்' படம் வெளிவந்தது. சித்திரக்கதையிலிருந்து அது வெகுதூரம் விலகியிருந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் லிண்டா கார்ட்டர் நடிப்பில் புதிய படம் ஒளிபரப்பாகி, வெற்றிகரமான தொடராக வளர்ந்தது. அத்தொடரில் நாயகி ஒரு சுற்றுச் சுற்றினால் உடை மாறிவிடும். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படாத தந்திரம் அது.

1977ஆம் ஆண்டு செப்டம்பர் 14 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியில் 'ஸ்பைடர்மேன்' படம் ஒளிபரப்பானது. 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தில் சிறுவனாக நடித்த நிக்கோலஸ் ஹேமண்ட் இதில் நாயகன். கட்டடச் சுவரில் ஏறும் காட்சிகளைச் சண்டைக் கலைஞர் ஒருவர் கம்பி வடத்தின் துணையோடு செய்துகாட்டினார். சித்திரக்கதையில் வரும் வினோதமான வில்லன்கள் யாரும் இல்லை. மனங்களை வசப்படுத்தி வங்கிகளைக் கொள்ளையடிக்க வைக்கும் ஒரு போலி குருவே வில்லன். வெளிநாடுகளில் இப்படம் திரையரங்குகளிலும் காட்டப்பட்டது.

அதே ஆண்டு நவம்பரில் வந்த 'தி இன்கிரெடிபிள் ஹல்க்' இவற்றுள் சிறந்தது எனலாம். கென்னத் ஜான்சன் உருவாக்கிய இதில் ஒரே பாத்திரத்தை இருவர் ஏற்றனர். அமைதியான மருத்துவராகப் பில் பிக்ஸ்பியும், அவர் சினம் கொண்டு மாறும் பச்சை மனிதனாக உடற்கட்டு வீரர் லூ ஃபெரிக்னோவும் நடித்தனர். பச்சைச் சாயம், கண்ணில் நிற வில்லை, கிழியும் சட்டை ஆகியவையே மாற்றத்தின் கருவிகள். ஓர் அத்தியாயத்தில் பச்சை மனிதன் சில நிமிடங்களே தோன்றினான். மீதி நேரம் முழுவதும் ஊர் ஊராக அலையும் ஒரு தனிமனிதனின் துயரக் கதை. தொடர் 1982 வரை ஓடியது.

எல்லா முயற்சிகளும் வெற்றி பெறவில்லை. 1978இல் வந்த 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்' ஒரே படத்தோடு நின்றது. 1979இல் வந்த 'கேப்டன் அமெரிக்கா' இரண்டு படங்களோடு முடிந்தது. அதில் நாயகனின் தலைக்கவசம் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் அணிவதைப் போலவே இருந்தது. 1988 முதல் 1990 வரை ஹல்க் கதையை ஒட்டி மேலும் மூன்று தொலைக்காட்சித் திரைப்படங்கள் வந்தன. தோர், டேர்டெவில் ஆகிய பாத்திரங்கள் அவற்றில் நடிகர்கள் வழியாகத் தொலைக்காட்சிக்கு அறிமுகமாயின.

தமிழ்நாட்டில் களம்

இத்தகைய நாயகர்களை ஏற்கும் மனநிலை தமிழ்ச் சிறுவர்களிடம் முன்பே இருந்தது. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யுடன் தன் முதல் இதழை வெளியிட்டது. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் அந்த மாயாவியை அன்றைய பள்ளி மாணவர் பலர் அறிவர். 1984இல் லயன் காமிக்ஸும் வந்தது.

திரையில் மாயாஜாலப் படங்கள் இருந்தன. இயக்குநர் விட்டலாச்சார்யா குறைந்த செலவில் தந்திரக் காட்சிகளை எடுப்பதில் பெயர் பெற்றவர். அவருடைய 'ஜகன்மோகினி' (1978) தமிழ் மொழிமாற்றத்திலும் நன்றாக ஓடியது. எலும்புக்கூடு ஆடுவதும், ஆள் சட்டென மறைவதும், பொருள் தானே நகர்வதும் கிராமத்து டூரிங் கொட்டகை வரை அறிமுகமான காட்சிகள். அடுத்து 1987 முதல் தூர்தர்ஷனில் இராமாயணம், மகாபாரதம் தொடர்கள் வந்தன. வானத்தில் இரண்டு அம்புகள் மோதித் தீப்பொறி பறந்ததை ஞாயிறு காலைகளில் ஊரே கூடிப் பார்த்தது.

திண்டுக்கல் நகரிலும் நிலக்கோட்டை, வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் போன்ற சுற்றுப்புற ஊர்களிலும் தூர்தர்ஷனைக் காட்டியது கொடைக்கானல் மலைமீதுள்ள ஒளிபரப்பு நிலையம். தொலைக்காட்சி அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் ஒளிபரப்பி இருந்ததால் கீழே விரிந்த சமவெளி முழுவதற்கும் அலைகள் எட்டின. கூரைமேல் ஆன்டெனாவை மலையைப் பார்த்துத் திருப்பி வைப்பது வீட்டுக்கு வீடு நடந்த வேலை. காற்றில் அது திரும்பிவிட்டால் படத்தில் புள்ளிகள் விழும். ஒருவர் மேலே ஏறித் திருப்ப, இன்னொருவர் கீழிருந்து 'இப்பத் தெரியுது' என்று குரல் கொடுப்பார். வீட்டில் பெட்டி இல்லாதவர்கள் ஊராட்சித் தொலைக்காட்சி அறைக்குச் சென்றனர்.

சக்திமான்

'சக்திமான்' தொடரின் முதல் பகுதி 1997ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் தூர்தர்ஷனில் ஒளிபரப்பானது. மகாபாரதத்தில் பீஷ்மராக நடித்த முகேஷ் கன்னா இதில் நாயகன். தயாரிப்பும் அவருடைய பீஷ்ம் இன்டர்நேஷனல் நிறுவனமே. இயக்கியவர் தினகர் ஜானி. இருளின் அரசனான தம்ராஜ் கில்விஷ் வேடத்தில் சுரேந்திர பால் நடித்தார். இவர் மகாபாரதத்தில் துரோணராக வந்தவர். ஆக, குருச்சேத்திரத்தில் ஒரே அணியில் நின்ற பீஷ்மரும் துரோணரும் இங்கே எதிரெதிராக நின்றனர்.

நாயகனின் மறுவடிவம் கங்காதர் என்ற செய்தித்தாள் புகைப்படக்காரர். தடித்த கண்ணாடி, தூக்கிய பல், அசட்டுப் பேச்சு ஆகியவை அவர் அடையாளங்கள். செய்தியாளர் கீதா விஸ்வாஸ் சக்திமானை மதிப்பவர், கங்காதரைக் கண்டு சலிப்பவர். பத்திரிகை அலுவலகத்தில் நாயகன் ஒளிந்திருக்கும் இந்த அமைப்பு சூப்பர்மேன் கதையை நினைவூட்டும். ஆனால் ஆற்றலின் ஊற்று வேறு. வேற்றுக் கோளில் பிறந்ததால் சூப்பர்மேனுக்கு ஆற்றல் வந்தது. சக்திமானுக்கோ தவத்தாலும் யோகத்தாலும் உடலின் ஏழு சக்கரங்கள் விழித்து, ஐம்பூதங்களின் துணை கிடைக்கிறது. முயற்சியால் பெற்ற ஆற்றல் என்பதால் அதை இழக்காமலிருக்க ஒழுக்கம் வேண்டும் என்ற கருத்து கதை முழுவதும் வரும்.

தொடர் இந்தியில் இருந்தது. தமிழ்நாட்டில் அதைப் பார்த்த சிறுவர்களில் பெரும்பாலோர்க்கு இந்தி தெரியாது. ஆனாலும் கதை புரிந்தது. கருப்பு உடையும் இருண்ட குகையும் என்றால் வில்லன், சிவப்பும் பொன்னிறமுமான உடை என்றால் நாயகன். செலவைக் குறைக்க எளிமையாக்கிய காட்சிமொழி, மொழி தெரியாதவருக்கும் உதவியாக அமைந்தது. பின்னாளில் தமிழ் மொழிமாற்றத்திலும் இத்தொடர் ஒளிபரப்பானது.

பணம் வந்த வழி

அன்றைய தூர்தர்ஷனில் விளம்பர ஆதரவு நிகழ்ச்சி என்றொரு முறை இருந்தது. இதில் தொலைக்காட்சி நிலையம் தயாரிப்பாளருக்குப் பணம் தருவதில்லை. மாறாக, ஒளிபரப்பு நேரத்துக்காகத் தயாரிப்பாளரே நிலையத்துக்குக் கட்டணம் செலுத்துவார். அதற்கு ஈடாக, குறிப்பிட்ட நொடிகள் விளம்பர நேரம் அவருக்குக் கிடைக்கும். அதை நிறுவனங்களுக்கு விற்று, கட்டணத்தையும் படப்பிடிப்புச் செலவையும் அவர் ஈட்டிக்கொள்ள வேண்டும். பார்லே-ஜி பிஸ்கட்டும் சக்திமானும் பலர் நினைவில் சேர்ந்தே நிற்பது இந்த ஏற்பாட்டினால்தான்.

தொடக்கத்தில் தாம் 3.80 இலட்சம் ரூபாய் கட்டணம் செலுத்தியதாகவும், ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியபோது அது 7.60 இலட்சமாகவும், பின்னர் 10.80 இலட்சமாகவும் உயர்ந்ததாகவும், மேலும் உயர்த்தக் கேட்டபோது தொடரை நிறுத்த நேர்ந்ததாகவும் முகேஷ் கன்னா பிற்காலத்தில் கூறியுள்ளார். நிகழ்ச்சி எவ்வளவு புகழ் பெற்றதோ அவ்வளவு கட்டணம் கூடியது. எனவே புகழ் வந்த பிறகும் தந்திரக் காட்சிகளுக்குச் செலவிடத் தாராளமான பணம் இல்லை.

தந்திரக் காட்சிகள் எடுக்கும் முறை

இக்காலத் தொலைக்காட்சி மீநாயகர் படைப்புகளில் பரவலாகப் பயன்பட்ட முறைகள் சில:

1. வண்ணத் திரை முறை: நடிகரை நீலம் அல்லது பச்சை நிறத் திரையின் முன் படமெடுப்பர். பின்னர் அந்த நிறத்தை மட்டும் நீக்கி, அவ்விடத்தில் வானத்தையோ நகரத்தையோ வைப்பர். நாயகன் பறப்பது இப்படித்தான். தலைமுடியைச் சுற்றி நிறக்கோடு தெரிந்தால் நீக்கம் சரியாக நடக்கவில்லை என்று பொருள்.

2. நிறுத்தி எடுத்தல்: கேமராவை அசைக்காமல் நிறுத்தி, நடிகரை விலகச் சொல்லி, மீண்டும் ஓடவிட்டால் அவர் மறைந்தது போலிருக்கும். மாயாஜாலப் படங்களின் அடிப்படை இதுவே.

3. கேமராவைச் சாய்த்தல்: தரையில் குனிந்து நடப்பவரைக் கேமராவைப் பக்கவாட்டில் திருப்பி எடுத்தால் சுவரில் ஏறுவது போல் தோன்றும். 1966இல் தொடங்கிய 'பேட்மேன்' தொடர் இதற்குப் பெயர் பெற்றது.

4. பின்னோக்கி ஓட்டுதல்: மேலிருந்து குதிப்பதை எடுத்துப் பின்னோக்கி ஓட்டினால் கீழிருந்து மேலே தாவுவது போலாகும்.

5. வேகத்தை மாற்றுதல்: மெதுவாக்கினால் வலிமையும், விரைவாக்கினால் சுழற்சியும் தோன்றும். சக்திமான் பம்பரம்போல் சுழன்று மேலெழுவது தொடரின் முத்திரையானது.

6. கம்பி வடம்: பயிற்சி பெற்ற சண்டைக் கலைஞரை வடத்தில் கட்டித் தூக்குவர். கீழே மெத்தையும் உதவியாளர்களும் இருப்பர். படத்தில் இவை தெரியாதபடி சட்டகம் அமைக்கப்படும்.

பணக்குறைவு கதையை மாற்றிய விதம்

ஒரு தந்திரக் காட்சிக்குச் செலவு அதிகமானால் எழுத்தாளர் அதைத் தவிர்த்து வேறு வழி தேடுவார். இதனால் இப்படைப்புகளில் சில பொதுத் தன்மைகள் காணப்படுகின்றன.

முதலாவதாக, நாயகனைவிட அவனுடைய சாதாரண வடிவமே அதிக நேரம் திரையில் இருக்கும். பில் பிக்ஸ்பியின் மருத்துவரும் கங்காதரும் இதற்குச் சான்று. கங்காதரின் நகைச்சுவைக்கு ஓர் அலுவலக அரங்கு போதும். ஆனால் பார்வையாளர் அன்பு வைத்தது இவர்கள்மீதுதான். இரண்டாவதாக, ஒரே காட்சித் துணுக்கு மீண்டும் மீண்டும் வரும். சுழற்சியையும் உடைமாற்றத்தையும் வாரந்தோறும் புதிதாக எடுக்க முடியாது. அந்தத் திரும்ப வருதலே குழந்தைகளுக்கு ஒரு சடங்கு போலாகி, எதிர்பார்ப்பை வளர்த்தது. மூன்றாவதாக, சண்டையின் இடத்தைப் பேச்சு நிரப்பியது. சக்திமானில் உரையாடலும் அறிவுரையும் நீண்டதற்குக் கொள்கை ஒரு காரணம் என்றால் செலவு இன்னொரு காரணமாக இருந்திருக்கும்.

எல்லாக் குறைகளும் நிறைகளாகிவிடவில்லை. 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்' போன்று மாய உலகங்களையே நம்பியிருக்கும் கதைக்குக் காட்சிச் செழுமை தேவை. மனிதத் துயரை மையமாகக் கொண்ட கதைகள் மட்டுமே சிறிய செலவைத் தாங்கி நின்றன.

சிறுவர்களும் விபத்துகளும்

1990களின் இறுதியில் சக்திமானைப் போல் பறக்க முயன்றோ, ஆபத்தில் சிக்கினால் அவர் வந்து காப்பாற்றுவார் என்று நம்பியோ சிறுவர்கள் தங்களுக்குத் தீங்கு செய்துகொண்டதாக நாளிதழ்களில் செய்திகள் வந்தன. இதனால் தொடர்மீது கடும் விமர்சனம் எழுந்தது. தயாரிப்புத் தரப்பு அச்செய்திகளை மறுத்தது. எனினும் நாயகனே நேரில் தோன்றி, இது நடிப்பு, யாரும் செய்து பார்க்கக் கூடாது என்று எச்சரிக்கும் பகுதி சேர்க்கப்பட்டது. இறுதியில், சிறிய ஆனால் பெரிய செய்திகள் என்ற பொருள்படும் தலைப்பில் பல் துலக்குதல், பொய் பேசாமை, சாலை விதி போன்றவற்றைச் சக்திமான் சொல்லித்தரும் பகுதியும் இடம்பெற்றது. தவறு செய்த சிறுவர்கள் அவரிடம் மன்னிப்புக் கேட்பார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியில் சொல்லப்பட்ட எச்சரிக்கை, இந்தி அறியாத குழந்தையை எப்படிச் சென்றடையும்? பறக்கும் காட்சிக்கு மொழி தேவையில்லை. 'பறக்காதே' என்ற அறிவுரைக்கு மொழி தேவை. காட்சி மட்டும் எல்லைகடந்து, எச்சரிக்கை வழியிலேயே நின்றுவிடும் நிலை தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இருந்தது. அந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பு பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் விழுந்தது. இன்று கைப்பேசியில் பிறமொழிக் காணொளிகளைப் பார்க்கும் குழந்தைகளுக்கும் இதே நிலைதான்.

சிறு குழந்தைகளுக்குக் கற்பனையையும் நடப்பையும் பிரித்தறியும் திறன் சிறிது சிறிதாகவே வளர்கிறது. 'அது பொய்' என்று சொன்னால் குழந்தை ஏற்பதில்லை, கண்ணால் பார்த்ததாயிற்றே. 'அது இப்படிச் செய்யப்பட்டது' என்று காட்டினால் ஏற்கும்.

வகுப்பறையில் செய்து பார்க்கலாம்

மேலே சொன்ன தந்திரங்களில் சிலவற்றை ஒரு கைப்பேசியும் ஒரு போர்வையும் கொண்டு தரையிலேயே செய்யலாம். பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும்.

பறத்தல்: நீல நிறப் போர்வையைத் தரையில் விரித்து, மாணவரைக் குப்புறப் படுக்கவைத்து, கையை முன்னே நீட்டச் சொல்லவும். ஆசிரியர் தரையில் நின்றபடியே கைப்பேசியை உயர்த்திப் பிடித்து மேலிருந்து படமெடுக்கவும். துண்டை முதுகில் பரப்பினால் போர்வை வானமாகும்.

மறைதல்: கைப்பேசியை மேசைமேல் அசையாமல் சாய்த்து வைத்து, பதிவை நிறுத்தி, ஆளை விலக்கி, மீண்டும் பதிவு செய்யவும். இரண்டு துண்டுகளையும் இணைத்தால் ஆள் மறைவார்.

சுவர் ஏறுதல்: தரையில் தவழும் மாணவரைக் கைப்பேசியைத் திருப்பிப் பிடித்துப் பதிவு செய்யவும்.

எடுத்த படத்தையும், எடுத்த விதத்தையும் அடுத்தடுத்துக் காட்ட வேண்டும். திரையில் வானில் பறந்தவர் உண்மையில் தரையில் படுத்திருந்தார் என்பதை மாணவர் தாமே கண்டறிவர். எட்டாம் வகுப்பு அறிவியலோடு ஒளி, பார்வை பற்றிய பாடத்தையும், தமிழ் வகுப்பில் உரையாடல் எழுதும் பயிற்சியையும் இதனோடு இணைக்கலாம். இரகசியம் தெரிந்தால் சுவை போய்விடும் என்ற அச்சம் வேண்டாம். பொம்மலாட்டத்தில் நூல் இருப்பது தெரிந்தேதான் நம் ஊரார் விடிய விடியப் பார்த்தார்கள்.

பின்னாளில்

சக்திமான் நானூறுக்கும் மேற்பட்ட பகுதிகளோடு 2005இல் நிறைவடைந்தது. அதே காலத்தில் 'கேப்டன் வ்யோம்' (1998), முகேஷ் கன்னாவே நடித்த 'ஆர்யமான்' (2002) ஆகிய அறிவியல் புனைவுத் தொடர்களும் தூர்தர்ஷனில் வந்தன. 2013இல் 'ஹமாரா ஹீரோ சக்திமான்' என்ற தொலைக்காட்சித் திரைப்படம் போகோ அலைவரிசையில் ஒளிபரப்பானது. 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது தூர்தர்ஷன் பழைய தொடரை மறுஒளிபரப்புச் செய்தது. தமிழில் 2019இல் வெளிவந்த 'ஹீரோ' திரைப்படத்தின் நாயகன் சிறுவயதில் சக்திமானாக ஆசைப்பட்டவன். 1990களில் ஆன்டெனாவைத் திருப்பி வைத்துப் பார்த்த பிள்ளைகள் வளர்ந்து படமெடுக்கும் வயதை அடைந்ததன் அடையாளம் இது. இன்று அத்தொடரின் பகுதிகள் இணையத்தில் கிடைக்கின்றன. இப்போது பார்ப்போர் வண்ணத் திரையின் விளிம்புக் கோடுகளை எளிதில் கண்டுகொள்வர். வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்த்து, ஒவ்வொரு காட்சியும் எப்படி எடுக்கப்பட்டிருக்கும் என்று அவர்களையே கேட்டுப் பார்க்கலாம்.